சொந்தப் பெயரில் ஆடிய வீரன்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் மலைகளுக்கு நடுவே ஒரு சிறிய ஊர் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் ஜிம் தோர்ப். அது ஒரு மனிதரின் பெயர்.

அந்த மனிதர் அந்த ஊரில் பிறக்கவில்லை. அங்கே வளரவில்லை. ஒரு நாளாவது அங்கே வாழ்ந்ததும் இல்லை. ஆனால் அவருடைய உடல் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறது.

யார் அந்த ஜிம் தோர்ப்?

பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோதே கால்பந்து ஆடி, பெயர் பெற்ற பல்கலைக்கழகங்களை மண்ணைக் கவ்வ வைத்தவர். ஒலிம்பிக் பந்தயத்தில் 2 தங்கப் பதக்கங்கள் வென்றவர். வென்ற பதக்கங்களை அடுத்த ஆண்டே பறிகொடுத்தவர். பின்னாளில் மண்வெட்டி பிடித்துக் கூலி வேலை செய்து பிழைத்தவர். கண்ணை மூடி 69 ஆண்டுகள் ஆன பிறகு முழு நியாயம் கிடைக்கப் பெற்றவர்.

அவர் செய்த குற்றம் என்ன? எல்லோரும் பொய்ப் பெயரில் செய்த ஒரு காரியத்தை, அவர் சொந்தப் பெயரில் செய்தார். அவ்வளவுதான்!

இரட்டைப் பிள்ளைகள்

அமெரிக்காவுக்கு வெள்ளைக்காரர்கள் போவதற்கு முன்பே அங்கே வாழ்ந்து வந்த மக்கள் உண்டு. செவ்விந்தியர் என்று நாம் சொல்லும் பூர்வகுடி மக்கள் அவர்கள். அவர்களில் பல பிரிவுகள் இருக்கின்றன. சாக்-ஃபாக்ஸ் என்பது ஒரு பிரிவு. அந்தப் பிரிவில் 1887-ம் ஆண்டு மே மாதம் ஜிம் பிறந்தான். பிறந்த இடம் இப்போது ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கிறது.

தந்தை ஹைரம் பாதி ஐரிஷ்காரர், பாதி செவ்விந்தியர். தாய் சார்லட்டின் குடும்பத்தில் பிரெஞ்சு இரத்தமும் செவ்விந்திய இரத்தமும் கலந்திருந்தன. தாய் பிள்ளைக்குத் தங்கள் மொழியில் ஒரு பெயர் வைத்தாள். ஒளி வீசும் பாதை என்பது அந்தப் பெயரின் பொருள்.

ஜிம் தனியாகப் பிறக்கவில்லை. அவனோடு சார்லி என்ற தம்பியும் இரட்டையாகப் பிறந்தான். இருவரும் சேர்ந்தே ஓடினார்கள், சேர்ந்தே நீந்தினார்கள், சேர்ந்தே காட்டில் திரிந்தார்கள். தந்தைக்குக் குதிரை வளர்ப்பதும் வேட்டையாடுவதும் பழக்கம். பிள்ளைகளும் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

இருவருக்கும் 9 வயது இருக்கும். அப்போது சார்லிக்குக் கடுமையான சளிக் காய்ச்சல் கண்டது. அவன் பிழைக்கவில்லை.

தம்பி போன பிறகு ஜிம்முக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. அடிக்கடி ஓடி வந்துவிடுவான். ஒரு முறை தந்தை அவனை 23 மைல் நடத்திக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுத் திரும்பினாராம். பையன் குறுக்கு வழியாக ஓடி, தந்தைக்கு முன்பே வீடு வந்து சேர்ந்துவிட்டானாம்! அந்த ஊர்ப் பக்கம் இப்படி ஒரு கதை சொல்வார்கள்.

கோபம் கொண்ட தந்தை, ஓடி வர முடியாத தூரத்தில் அவனைச் சேர்த்தார். கான்சாஸ் மாநிலத்தில் ஹாஸ்கல் என்ற பள்ளிக்கூடம் அது. அங்கேதான் ஜிம் முதன்முதலாகக் கால்பந்தாட்டத்தைப் பார்த்தான்.

ஆனால் அங்கும் அவன் நிலைக்கவில்லை. தந்தைக்கு அடிபட்டுவிட்டது என்று கேள்விப்பட்டு ஊருக்கு ஓடி வந்தான். அதற்குப் பிறகு சில காலத்தில் தாயும் இறந்துபோனாள். வீட்டில் இருக்க மனம் இல்லாமல், டெக்சாஸ் பக்கம் போய்க் குதிரைகளைப் பழக்கும் வேலை செய்தான்.

1904-ம் ஆண்டு தந்தை அவனைப் பென்சில்வேனியாவில் உள்ள கார்லைல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். சேர்ந்த சிறிது காலத்திலேயே தந்தையும் காலமாகிவிட்டார். ஜிம் அனாதை ஆனான்.

பெயரைப் பறித்த பள்ளிக்கூடம்

கார்லைல் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ராணுவத்தில் இருந்த பிராட் என்ற அதிகாரி, 1879-ம் ஆண்டு அந்தப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். முன்பு ராணுவத்தினர் தங்கியிருந்த கட்டடங்கள்தான் பள்ளிக்கூடம் ஆயின. செவ்விந்தியப் பிள்ளைகளை வெள்ளைக்காரர்களைப் போல மாற்றிவிட வேண்டும் என்பதே அதன் நோக்கம். வந்து சேர்ந்ததும் பிள்ளைகளின் நீண்ட கூந்தலை வெட்டிவிடுவார்கள். தாய்மொழியில் பேசக் கூடாது. தாய் வைத்த பெயரும் போய்விடும். புதிய ஆங்கிலப் பெயர் வந்துவிடும்.

தாய் தந்தையைப் பிரிந்து நெடுந்தூரம் வந்த பிள்ளைகள் பலர் நோயில் மாண்டார்கள். அங்கே உள்ள இடுகாட்டில் பிள்ளைகளின் கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. 1918-ம் ஆண்டு அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. அங்கே நடந்த கொடுமையை மக்கள் மறக்கக் கூடாது என்பதற்காக, 2024-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் அந்த இடத்தைத் தேசிய நினைவிடமாக அறிவித்தது.

கார்லைல் ஒரு கல்லூரி அல்ல. எழுத்துப் படிப்போடு தச்சு வேலை, கொல்லு வேலை, தையல் வேலை கற்றுத்தரும் பள்ளிக்கூடம். ஜிம் தையல் பிரிவில் இருந்தான். வெள்ளைக்காரர்களின் பண்ணைகளில் கூலி வேலைக்கும் அனுப்பப்பட்டான்.

ஆனால் ஒன்றில் மட்டும் அந்தப் பள்ளிக்கூடம் நாடெங்கும் பெயர் பெற்றிருந்தது. அதுதான் கால்பந்து! மாணவர்களில் 20 வயதைக் கடந்தவர்களும் உண்டு. ஆகையால் பெரிய பல்கலைக்கழகங்களோடு மோதினார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகளை ஏழைப் பிள்ளைகள் எதிர்த்து ஆடினார்கள்.

தாண்டினான் ஒரே தாண்டு!

1907-ம் ஆண்டு ஒரு நாள். ஜிம் மைதானத்தின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தான். சில மாணவர்கள் உயரம் தாண்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். குறுக்குக் கம்பு 5 அடி 9 அங்குல உயரத்தில் இருந்தது. யாராலும் தாண்ட முடியவில்லை.

ஜிம் தானும் ஒரு முறை தாண்டிப் பார்க்கலாமா என்று கேட்டான். அவன் உடம்பில் இருந்தது வேலைக்காரர் போடும் முரட்டு உடை. எல்லோரும் சிரித்தார்கள். ஜிம் ஓடி வந்தான். ஒரே தாண்டு! கம்பு அசையவே இல்லை.

மறுநாள் விளையாட்டுப் பயிற்சியாளர் அவனைக் கூப்பிட்டு அனுப்பினார். வார்னர் என்பது அவர் பெயர். ஏதோ தவறு செய்துவிட்டோம் என்று பயந்துகொண்டே ஜிம் போனான். பள்ளிக்கூடத்தின் சாதனையையே முறியடித்துவிட்டான் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஓட்டம், தாண்டல், எறிதல் எல்லாவற்றிலும் ஜிம் முதல்வன் ஆனான். ஆனால் அவன் மனம் கால்பந்தில்தான் இருந்தது. இப்படிப்பட்ட ஓட்டக்காரனுக்கு அடிபட்டுவிடுமே என்று வார்னர் தயங்கினார். கடைசியில், சரி, ஆடிப் பார் என்று பந்தைக் கையில் கொடுத்தார். மற்றவர்கள் அனைவரும் அவனைப் பிடித்து வீழ்த்த வேண்டும். ஜிம் பந்தோடு ஓடினான். யாருக்கும் அகப்படாமல் மறுமுனை போய்ச் சேர்ந்தான். மறுபடியும் ஓடச் சொன்னார் வார்னர். மறுபடியும் அப்படியே!

அமெரிக்கக் கால்பந்து நம் ஊர்க் கால்பந்தைப் போன்றது அல்ல. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். எதிரிகள் பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளுவார்கள். எதிரியின் எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் நிறையப் புள்ளி. பந்தை உதைத்து இரண்டு கம்பங்களுக்கு நடுவே செலுத்தினால் 3 புள்ளி. ஓட்டமும் வேண்டும், பலமும் வேண்டும், உதைக்கும் திறமையும் வேண்டும். இந்த மூன்றும் ஜிம்மிடம் இருந்தன.

ஹார்வார்டு அதிர்ந்தது

1911-ம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவின் மிகப் பழைய பல்கலைக்கழகமான ஹார்வார்டுடன் கார்லைல் மோதியது. இந்தப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் என்ன செய்துவிடப் போகிறார்கள் என்று நினைத்து, ஹார்வார்டு பயிற்சியாளர் தன்னுடைய முதல்தர ஆட்டக்காரர்களைத் தொடக்கத்தில் இறக்கவே இல்லை.

ஜிம்மின் கால்களில் காயம். கட்டுப் போட்டுக்கொண்டுதான் அவன் களம் இறங்கினான். அந்தக் கால்களாலேயே 4 முறை பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினான். ஆட்டம் முடிந்தபோது கார்லைல் 18, ஹார்வார்டு 15. அந்த 18 புள்ளிகளில் 12 புள்ளிகள் ஜிம்மின் காலில் இருந்து வந்தவை.

மறுநாள் அமெரிக்கா முழுவதும் அவன் பெயர் பேசப்பட்டது.

மன்னர் கொடுத்த பரிசு

1912-ம் ஆண்டு சுவீடன் நாட்டுத் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. ஜிம்மும், அவனோடு படித்த டெவானிமா என்ற செவ்விந்திய மாணவனும் அமெரிக்காவின் சார்பில் கப்பல் ஏறினார்கள். டெவானிமா 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றான்.

ஜிம் கலந்துகொண்டவற்றில் 2 முக்கியமானவை. ஒன்று, 5 போட்டிகள் சேர்ந்த பந்தயம். இன்னொன்று, 10 போட்டிகள் சேர்ந்த பந்தயம். ஓடவும் வேண்டும், தாண்டவும் வேண்டும், குண்டும் ஈட்டியும் தட்டும் எறியவும் வேண்டும்.

5 போட்டிகளில் நான்கில் ஜிம் முதலாவதாக வந்தான். தங்கப் பதக்கம் அவனுக்கு!

அடுத்தது 10 போட்டிகள். நடுவே அவனுடைய காலணிகள் காணாமல் போய்விட்டனவாம். குப்பையில் கிடந்த, ஒன்றுக்கொன்று ஜோடி சேராத இரண்டு காலணிகளைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டானாம். அன்று எடுத்த ஒரு புகைப்படத்தில், அவனுடைய இரண்டு காலிலும் இரண்டு விதமான காலுறைகள் இருப்பதை இன்றும் பார்க்கலாம்.

காலணி எப்படி இருந்தால் என்ன? கால் ஒன்றுதானே! ஜிம் 8,412 புள்ளிகள் பெற்றான். இரண்டாவதாக வந்த சுவீடன் வீரர் வீஸ்லாண்டர் ஏறக்குறைய 700 புள்ளிகள் பின்தங்கியிருந்தார்.

சுவீடன் மன்னர் 5-ம் குஸ்தாவ் தம் கையாலேயே பரிசு கொடுத்து, உலகத்திலேயே தலைசிறந்த வீரன் என்று பாராட்டினார். ரஷ்யச் சக்கரவர்த்தியின் பரிசாகக் கல் இழைத்த கப்பல் பொம்மை ஒன்றும் கிடைத்தது. அமெரிக்கா திரும்பியபோது நியூயார்க் நகரத் தெருக்களில் ஊர்வலம் நடந்தது. தாய் தந்தை இல்லாத அந்த இளைஞனை இலட்சக்கணக்கான மக்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையைப் போல வரவேற்றார்கள்.

அந்த ஆண்டு நவம்பரில் ராணுவக் கல்லூரியோடு கால்பந்துப் போட்டி. செவ்விந்தியரோடு போர் நடத்திய ராணுவத்துக்கு அதிகாரிகளைத் தயார் செய்யும் கல்லூரி அது. கார்லைல் பிள்ளைகள் 27-க்கு 6 என்று வென்றார்கள். ராணுவக் கல்லூரியின் அணியில் ஐசனோவர் என்ற மாணவர் ஆடினார். பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் பெரும் படைத் தலைவராகி, 1953-ம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவி ஏற்ற அதே ஐசனோவர்தான்!

இடி விழுந்தது

1913-ம் ஆண்டு ஜனவரி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பத்திரிகை செய்தி வெளியிட்டது. ஜிம் தோர்ப் முன்பு காசு வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடியிருக்கிறார் என்பது அந்தச் செய்தி.

அது உண்மைதான். 1909-ம் ஆண்டு கோடை விடுமுறையில், பள்ளிக்கூடத்து நண்பர்கள் இருவரோடு ஜிம் வட கரோலினா மாநிலத்துக்குப் போனார். அங்கே சிறு ஊர்க் குழுவில் பேஸ்பால் ஆடினார். கைச்செலவுக்குக் கொஞ்சம் காசு கொடுத்தார்கள். அடுத்த ஆண்டும் அப்படியே. அந்தக் காலத்தில் கல்லூரி மாணவர்கள் பலர் கோடை விடுமுறையில் இப்படி ஆடிக் காசு சம்பாதித்தார்கள். ஆனால் அவர்கள் பொய்ப் பெயர் கொடுத்து ஆடினார்கள். ஜிம்முக்கு அந்தச் சூது தெரியவில்லை. தன் பெயரை அப்படியே சொன்னார்.

காசு வாங்கி விளையாடியவர் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது என்பது அந்நாளைய விதி. அந்த ஒலிம்பிக்கில் பேஸ்பாலுக்குப் பதக்கமே இல்லை. ஜிம் பதக்கம் வென்றதோ ஓட்டத்திலும் தாண்டலிலும். ஆனாலும் விதி விதிதான் என்றார்கள்.

ஜிம் அமெரிக்க விளையாட்டுச் சங்கத்துக்குக் கடிதம் எழுதினார். எதையும் மறைக்கவில்லை. ஆடியது உண்மை என்றும், தாம் ஒன்றும் அறியாத செவ்விந்தியப் பள்ளிக்கூடத்துப் பையன் என்றும், மற்றவர்கள் செய்ததைத்தான் தாமும் செய்ததாகவும், அவர்களைப் போலப் பெயரை மாற்றிக்கொள்ளாததுதான் வித்தியாசம் என்றும் சொல்லி, மன்னிக்கும்படி வேண்டினார்.

மன்னிப்புக் கிடைக்கவில்லை. பயிற்சியாளர் வார்னரும் பள்ளிக்கூட நிர்வாகியும் தங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லிவிட்டார்கள். தங்கள் மாணவன் இரண்டு கோடைகாலம் எங்கே போனான், என்ன செய்தான் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? பின்னாளில் ஆராய்ந்தவர்கள் பலர் இதை நம்பவில்லை. பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள், பையன் அகப்பட்டுக்கொண்டான்.

பதக்கங்களைத் திருப்பி அனுப்பினார்கள். மன்னர் கொடுத்த பரிசுகளும் போயின. ஒலிம்பிக் புத்தகத்தில் இருந்து ஜிம் தோர்ப் என்ற பெயரையும் எடுத்துவிட்டார்கள். இரண்டாவதாக வந்தவர்களை முதலாவது என்று எழுதிக்கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. ஆட்சேபணை இருந்தால் பந்தயம் முடிந்து 30 நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்று ஸ்டாக்ஹோம் பந்தய விதிகளிலேயே இருந்தது. இவர்கள் ஆட்சேபித்ததோ சுமார் 6 மாதம் கழித்து! தங்கள் விதியைத் தாங்களே மீறித்தான் ஜிம்மைத் தண்டித்தார்கள். அதை அன்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

வீரர் போன வழி

இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? ஜிம் வெளிப்படையாகவே சம்பளத்துக்கு ஆடத் தொடங்கினார். நியூயார்க் நகரின் பெரிய பேஸ்பால் குழு அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் கார்லைல் மாணவியான ஐவா என்ற பெண்ணை மணந்தார். அந்தக் குழு உலகச் சுற்றுப்பயணம் புறப்பட்டபோது புதுமணத் தம்பதிகளும் கூடவே போனார்கள். 1914-ம் ஆண்டு ஜனவரியில் அந்தக் கப்பல் நமக்குப் பக்கத்தில் இருக்கும் கொழும்பு வரை வந்தது. அங்கேயும் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு எகிப்துப் பக்கம் போனார்கள்.

1915-ம் ஆண்டில் ஓஹையோ மாநிலத்தின் கேண்டன் நகரக் கால்பந்துக் குழு அவரை அழைத்தது. ஒரு ஆட்டத்துக்கு 250 டாலர் கூலி. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. ஜிம் ஆடுகிறார் என்றால் கூட்டம் அலைமோதியது. 1920-ம் ஆண்டு பல ஊர்க் குழுக்களின் பிரதிநிதிகள் கேண்டன் நகரில் ஒரு மோட்டார் கார் கடையில் கூடி, ஒரு சங்கம் அமைத்தார்கள். முதல் தலைவராக ஜிம் தோர்ப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருடைய பெயருக்கு அவ்வளவு மதிப்பு! இன்று கோடிக்கணக்கான டாலர் புரளும் அமெரிக்கத் தேசியக் கால்பந்துச் சங்கம் அப்படிப் பிறந்ததுதான்.

ஆனால் வீட்டில் துக்கம் அவரை விடவில்லை. 1918-ம் ஆண்டு அவருடைய மூத்த மகன், 3 வயதுக் குழந்தை, இறந்துபோனான். தந்தை பெயரையே வைத்திருந்த பிள்ளை அவன். தம்பி, தாய், தந்தை எல்லோரையும் இழந்தபோது தாங்கிய மனம் இப்போது உடைந்தது. மதுப் பழக்கம் மிகுந்தது. குடும்பத்தில் அமைதி போயிற்று. ஐவாவோடு வாழ்ந்த வாழ்க்கை முறிந்தது. பிறகு இரண்டு முறை மணம் செய்துகொண்டார்.

1922-லும் 1923-லும் செவ்விந்தியர் மட்டுமே கொண்ட ஒரு கால்பந்துக் குழுவை அவர் நடத்தினார். அதற்குப் பணம் போட்டவர் ஒரு நாய் வியாபாரி. ஆட்டத்தின் இடைவேளையில் நாய்களை வைத்து வேடிக்கை காட்ட வேண்டும். செவ்விந்திய உடை போட்டுக்கொண்டு கோடரி எறிந்து காட்ட வேண்டும். கூட்டம் சிரித்துக் கைதட்டும். ஹார்வார்டை வென்ற வீரர் அதையும் செய்தார்.

1928-ம் ஆண்டு, 41-வது வயதில், கடைசியாகக் களம் இறங்கினார். அதன் பிறகு அவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றும் இல்லை.

மண்வெட்டி பிடித்த கை

பிழைப்புக்காகக் கலிபோர்னியா போனார். தம் வாழ்க்கை வரலாற்றைப் படமாக்கும் உரிமையை 1,500 டாலருக்கு ஒரு படக் கம்பெனிக்கு விற்றார். படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக வரும் சிறு வேடங்கள் கிடைத்தன. செவ்விந்திய வேடங்களைச் செவ்விந்தியருக்கே கொடுக்க வேண்டும் என்று மற்றவர்களுக்காகவும் வாதாடினார்.

படம் இல்லாத நாட்களில் என்ன செய்வது? அமெரிக்கா முழுவதும் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம் அது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒரு மருத்துவமனை கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். அங்கே மண்வெட்டியோடு நின்ற கூலியாட்களில் ஒருவரைப் பத்திரிகைக்காரர்கள் அடையாளம் கண்டார்கள். அவர் ஜிம் தோர்ப்!

1932-ம் ஆண்டு அதே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தது. டிக்கெட் வாங்க ஜிம்மிடம் காசு இல்லை. இந்தச் செய்தி அமெரிக்கத் துணை ஜனாதிபதி சார்லஸ் கர்ட்டிஸ் காதுக்கு எட்டியது. அவருடைய தாயும் செவ்விந்திய வழிவந்தவர். அவர் ஜிம்மைத் தம் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். யார் அங்கே அமர்ந்திருப்பது என்று தெரிந்ததும், ஒரு இலட்சம் பேர் கொள்ளும் அந்த அரங்கில் மக்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். புத்தகத்தில் அவர் பெயர் இல்லை. மக்கள் மனதில் இருந்தது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கார் தொழிற்சாலையில் காவல் வேலை பார்த்தார். 58 வயதை நெருங்கும்போது சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனார்.

1950-ம் ஆண்டில் அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் 50 ஆண்டுகளில் தலைசிறந்த விளையாட்டு வீரர் யார் என்பது கேள்வி. வாக்களித்த 393 பேரில் 252 பேர் முதலிடத்தை ஜிம் தோர்ப்புக்குக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு அவருடைய கதை சினிமாப் படமாக வந்தது. உரிமையை முன்பே விற்றுவிட்டதால் அவருக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

அதே 1951-ம் ஆண்டில் உதட்டில் புற்றுநோய் கண்டது. செலவுக்குப் பணம் இல்லாததால் தருமக் கணக்கில் அறுவைச் சிகிச்சை நடந்தது.

1953-ம் ஆண்டு மார்ச் 28. கலிபோர்னியாவில் சக்கரம் பொருத்திய வண்டி வீட்டில் குடியிருந்த ஜிம், மாரடைப்பால் உயிர் நீத்தார். அவருக்கு வயது 65. ஒரு காலத்தில் அவரை எதிர்த்து ஆடிய ஐசனோவர், ஜனாதிபதி மாளிகைக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பெயருக்கு ஒரு ஊர்

இறந்த பிறகும் அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை.

சொந்த ஊரில் உறவினர்கள் கூடி, தங்கள் குல வழக்கப்படி சடங்குகள் செய்துகொண்டிருந்தார்கள். நடுவிலேயே மூன்றாவது மனைவி பாட்ரீஷியா வந்து உடலை எடுத்துச் சென்றுவிட்டார். ஓக்லஹோமா அரசாங்கம் நினைவுச் சின்னம் கட்டப் பணம் தரவில்லை என்பது அவர் குறை. அப்போது பென்சில்வேனியாவில் மாச் சங்க் என்ற ஊர், நிலக்கரித் தொழில் நலிந்து வறுமையில் இருந்தது. ஒரு பெரிய வீரரின் சமாதி இருந்தால் நாலு பேர் பார்க்க வருவார்கள் என்று அந்த ஊரார் நினைத்தார்கள். 1954-ம் ஆண்டு ஊரின் பெயரையே ஜிம் தோர்ப் என்று மாற்றிக்கொண்டார்கள். சிவப்புக் கல்லில் சமாதி கட்டினார்கள்.

தந்தையைச் சொந்த மண்ணில் அடக்கம் செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் 2010-ம் ஆண்டு வழக்குத் தொடுத்தார்கள். முதலில் வென்றார்கள், அப்பீலில் தோற்றார்கள். 2015-ம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்துவிட்டது.

110 ஆண்டுகள்!

பதக்கக் கதை என்ன ஆயிற்று?

ஸ்டாக்ஹோமில் ஜிம்மோடு போட்டியிட்டுப் பின்தங்கிய அமெரிக்கர்களில் பிரண்டேஜ் என்பவர் ஒருவர். அவர் 1952 முதல் 1972 வரை உலக ஒலிம்பிக் கமிட்டியின் தலைவராக இருந்தார். அவர் பதவியில் இருந்தவரை ஜிம்முக்குப் பதக்கம் திரும்பவில்லை.

பின்னர் ஜிம்மின் வரலாற்றை எழுதிய ராபர்ட் வீலரும் அவருடைய மனைவியும் விடாமல் பாடுபட்டார்கள். 1912-ம் ஆண்டு விதிப் புத்தகத்தை அமெரிக்காவின் பெரிய நூலகத்தில் தேடி எடுத்தார்கள். 30 நாள் விதி அதில் அச்சாகி இருந்தது! 1982-ம் ஆண்டு ஒலிம்பிக் கமிட்டி இறங்கி வந்தது. 1983 ஜனவரியில் ஜிம்மின் பிள்ளைகளிடம் புதிதாகச் செய்த பதக்கங்களைக் கொடுத்தார்கள். பழைய பதக்கங்கள் எப்போதோ களவு போய்விட்டன.

ஆனால் அதிலும் ஒரு குறை வைத்தார்கள். ஜிம் மட்டுமே வென்றவர் என்று எழுதவில்லை. வேறொருவரோடு சேர்ந்து வென்றவர் என்று எழுதினார்கள்.

சுவீடன் வீரர் வீஸ்லாண்டர் எப்படிப்பட்டவர் தெரியுமா? தமக்கு ஒதுக்கப்பட்ட அந்தத் தங்கத்தை அவர் ஒருபோதும் தமது என்று ஏற்றுக்கொள்ளவில்லை. வென்றது ஜிம் தோர்ப்தான் என்பதே அவர் எண்ணம். அவருடைய குடும்பத்தாரும் அதையே உறுதி கூறினார்கள். 5 போட்டிப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த வீரரின் நாடான நார்வேயும் ஒப்புக்கொண்டது.

2022-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி ஒலிம்பிக் கமிட்டி அறிவித்தது: இரண்டு பந்தயங்களிலும் வென்றவர் ஜிம் தோர்ப் ஒருவரே. அவர் பத்துப் போட்டிகளை முடித்து வெற்றி பெற்ற நாளில் இருந்து சரியாக 110 ஆண்டுகள்! 2024-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கமும் பொதுமக்களுக்கு அளிக்கும் மிக உயர்ந்த பதக்கத்தை அவர் பெயருக்கு வழங்கியது.

கேண்டன் நகரில் கால்பந்து வீரர்களுக்காக ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. உள்ளே நுழைகிறவர்கள் முதலில் காண்பது, பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஜிம் தோர்ப்பின் சிலையைத்தான். ஊர் ஊராக எத்தனையோ பள்ளிக்கூட மைதானங்களில் எத்தனையோ பையன்கள் ஓடுகிறார்கள். கைதட்டும்போது எல்லோரும் சூழ்ந்து நிற்கிறார்கள். பையனுக்கு ஒரு சங்கடம் வந்தால், பக்கத்தில் நிற்கப் பெரியவர் ஒருவராவது வேண்டும். ஜிம் தோர்ப்புக்கு அந்த ஒருவர் அன்று கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் 110 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதில்லை. 30 நாள் விதியை எடுத்துக் காட்டினாலே போதும்.

பொய்ப் பெயரில் ஆடியவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் யார் என்று இன்று யாருக்கும் தெரியாது. சொந்தப் பெயரில் ஆடியவரோ அகப்பட்டுக்கொண்டார். அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.